சைட்டில் விழுந்தார், ஆஸ்பத்திரி சீட்டில் "வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தார்" என்று இருக்கிறது. தலைக்காயத்துக்கு இழப்பீடு கேட்க வழி உண்டா?

மீனா_விவேக்நகர் – 6 ஜனவரி 2026, இரவு 10.40

வணக்கம். சட்டம் தெரிந்தவர்களும் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் சென்ட்ரிங் ஆசாரி. சொந்த ஊர் செங்கம் பக்கம். பெங்களூர் வந்து 12 வருடம் ஆகிறது. 2024 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை காலை, சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மென்ட் சைட்டில் இரண்டாவது மாடி சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். நின்றிருந்த பலகையின் கட்டு அவிழ்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்று கூட வேலை செய்த பையன் சொன்னான். அப்போது அவருக்கு 35 முடிந்திருந்தது.

மேஸ்திரிதான் ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேருவதற்குள் சீட்டு எழுதியாகிவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்? அங்கே தலையை சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, மூளை நரம்பு வைத்தியத்துக்கான பெரிய ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நிம்ஹான்ஸில் 11 நாள் இருந்தோம். நெற்றிப் பக்கம் மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஆபரேஷன் தேவைப்படவில்லை. பிழைத்தார். அதற்கு நான் இன்றைக்கும் அந்த டாக்டர்களைக் கும்பிடுகிறேன்.

இப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் "நல்லாத்தானே இருக்கார்" என்கிறார்கள். நடக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார். ஆனால் வேலை செய்ய முடியவில்லை. போன மாதம் தெரிந்தவர் ஒருவர் இரக்கப்பட்டு வீட்டு வேலைக்குக் கூப்பிட்டார். கதவு நிலைக்கு அளவு எடுத்தார்: மூன்றடி நாலு அங்குலம் ரெண்டு நூல். வாயால் சொன்னார். நாலு எட்டு நடந்து வாளை எடுத்துக்கொண்டு திரும்பினார், அளவு போய்விட்டது. மறுபடி அளந்தார். மறுபடி மறந்தார். மூன்றாவது தடவை டேப்பைத் தூக்கி எறிந்துவிட்டார். கல்யாணமாகி 11 வருடத்தில் ஒரு பொருளை எறிந்து நான் பார்த்ததில்லை. வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களைக்கூட "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

மேஸ்திரி 60,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதைப் பார்க்கலாம் என்று பழைய காகிதங்களை எடுத்தபோதுதான் அந்த முதல் சீட்டைத் தங்கச்சி படித்துச் சொன்னாள்: வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தார் என்று இருக்கிறது.

இனி ஏதாவது கேட்க முடியுமா? இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் இரண்டு வீட்டில் சமையல் வேலை செய்கிறேன்.

பீன்யா_ராமு – 6 ஜனவரி, இரவு 11.15

தங்கச்சி, முதலில் ஒன்று. அந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அவரையும் போட விடாதீர்கள். மேஸ்திரி தனியாக வந்து அவரைப் பேசிச் சம்மதிக்க வைக்கப் பார்ப்பார். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923 என்று ஒன்று இருக்கிறது. பழைய பேர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். உங்களுக்கு 2026 நவம்பர் வரை இருக்கிறது. நேரம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடும் அளவுக்கு இல்லை.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்ததா? கூலி எவ்வளவு, எப்படிக் கொடுத்தார்கள்? அதைச் சொல்லுங்கள். நான் 20 வருடமாக பீன்யாவில் ஃபிட்டர். சங்கத்தில் விபத்துக் கேஸ்களோடு அலைந்திருக்கிறேன். கை போனவனுக்குப் பணம் வாங்கிக் கொடுப்பது சுலபம், தங்கச்சி. தலையில் அடிபட்டவனுக்குத்தான் கஷ்டம். கையை மேஜைமேல் வைத்துக் காட்டிவிடலாம்.

மீனா_விவேக்நகர் – 7 ஜனவரி, காலை 6.05

நன்றி அண்ணா. இ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு 900 ரூபாய். மாதம் 26 நாள் வேலை இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பாதி கையில் கொடுப்பார், பாதி போன்பேயில் போடுவார்.

சைட்_இன்ஜினியர்_பொம்மனஹள்ளி – 7 ஜனவரி, காலை 9.30

மேடம், நான் கட்டட வேலையில்தான் இருக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேஸ்திரி மாதிரி ஆட்களிடம் பெரிய பணம் இருக்காது. அவரே வட்டிக்கு வாங்கித்தான் ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார். வழக்கு என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும். வக்கீல் பீஸ், வேலை கெட்டுப்போன நாட்கள், பஸ் செலவு எல்லாம் உங்கள் தலையில்தான். ஹெல்மெட் போடவில்லை என்பார்கள், குடித்திருந்தார் என்பார்கள். 60,000-ஐ இரண்டு லட்சமாகப் பேசி, வாங்கி, பிள்ளைகள் பேரில் போட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். எங்கள் சைட்டில் ஒருத்தர் நாலு வருடம் அலைந்ததை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பீன்யா_ராமு – 7 ஜனவரி, காலை 9.52

சார், உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் 35 வயது ஆசாரி ஒருத்தருடைய மீதி 25 வருட உழைப்புக்கு இரண்டு லட்சமா? அவர் நல்லபடியாக இருந்திருந்தால் ஒன்பது மாதத்தில் சம்பாதிக்கிற பணம் அது.

வக்கீல்_அல்சூர் – 7 ஜனவரி, இரவு 9.10

மீனா அம்மா, பெங்களூரில் இந்த வழக்குகளை நடத்தும் வக்கீல் நான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வி, யாரிடம் கேட்பது. மேஸ்திரியிடம் மட்டும் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, தன் தொழிலின் ஒரு பகுதியைக் காண்ட்ராக்டரிடம் விட்ட முதன்மை முதலாளியும் பொறுப்பு. அபார்ட்மென்ட் கட்டும் பில்டரை முதல் எதிர்தரப்பாகவே சேர்க்கலாம். அவர் கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு. பெரிய சைட்டுகளில் தொழிலாளர் இழப்பீட்டுக்கு இன்சூரன்ஸ் பாலிசி எடுத்திருப்பார்கள். அந்த கம்பெனியையும் சேர்க்க வேண்டும். ஆகவே இன்ஜினியர் சார் சொன்ன "மேஸ்திரியிடம் பணம் இருக்காது" என்பது உண்மைதான், ஆனால் வழக்கு அங்கே நின்றுவிடாது.

இரண்டாவது, எவ்வளவு. ஒருவர் இனி எந்த வேலையும் செய்யவே முடியாத நிலை என்றால், மாதக் கூலியில் 60 சதவீதத்தை அவர் வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000 ரூபாய். 2020 ஜனவரி 3 முதல் இதுதான். அதற்கு முன் வெறும் 8,000-ஆக இருந்தது. அவர் வாங்கியது 23,400 என்றாலும் 15,000-தான் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. 35 வயதுக்குக் காரணி 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் பாதி போய்விட்டது என்று முடிவானால் இதில் பாதி, 8,86,770. சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவு இதற்கு மேல் தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் போட, இந்த வழக்குகளை விசாரிக்கும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. 60,000-ஐ இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மேஸ்திரி கூலியைக் குறைத்துச் சொல்வார், "மாதம் 10,000-தான் கொடுத்தேன்" என்று. சொல்லட்டும். 21,000-க்குள் கூலி என்றால் இ.எஸ்.ஐ.யில் ஏன் சேர்க்கவில்லை என்ற கேள்வி உடனே வரும். அப்படிச் சொல்வதற்குள் அவருடைய வக்கீலே தடுத்துவிடுவார். நீங்கள் போன்பே கணக்கை வங்கியில் ஒரு வருடத்துக்கு அச்சடித்து வாங்கி வையுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பெயரிலிருந்து பணம் வந்திருப்பது, அவரிடம்தான் வேலை செய்தார் என்பதற்கே சாட்சி.

மூன்றாவது, ஹெல்மெட், குடி. இந்தக் காரணங்கள் சட்டத்தில் உண்டு, ஆனால் குறுகலானவை. ஹெல்மெட் போடாததாலேயே உரிமை போய்விடாது. பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொல்லப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினார், அதனால்தான் காயம் நேர்ந்தது என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். பலகைக் கட்டு அவிழ்ந்ததற்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதோடு, உயிர் போனாலோ நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டாலோ இந்த விலக்குகள் பொருந்தவே பொருந்தாது.

நான்காவது, அந்த முத்திரைத்தாள். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. பணம் பேசி முடிப்பதானாலும் அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். ஆனாலும் கையெழுத்துப் போடாமல் இருப்பதே மேல். போட்ட கையெழுத்தை விளக்குவதிலேயே ஒரு வருடம் போய்விடும்.

ஐந்தாவதுதான் கஷ்டமானது: எத்தனை சதவீதம். இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம் என்று கணு கணுவாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஞாபகம் போனால் எவ்வளவு, நிதானம் போனால் எவ்வளவு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதியுள்ள மருத்துவர் மதிப்பிட வேண்டும். இதில் பலர் தவறுகிறார்கள். அரசு ஊனச் சான்றிதழில் இருக்கும் சதவீதமும் இதுவும் ஒன்றல்ல. உடம்பில் 30 சதவீதம் ஊனம் இருக்கிறவர் தன் தொழிலை 100 சதவீதம் இழந்திருக்கலாம். 1975-இல் உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் இதைத்தான் சொன்னது. அந்தத் தொழிலாளியும் உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஒரு தச்சர்தான். விழுந்து இடக்கையை இழந்தார். ஒரு கைதானே போனது, பகுதி ஊனம்தான் என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இரண்டு கையும் இருந்து அளவு மனதில் நிற்காத ஆசாரிக்கும் இந்த வாதத்தை வைக்கலாம்.

இந்த 1923 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் விபத்து அதற்கு ஒரு வருடம் முந்தையது. எனவே உரிமையைப் பழைய சட்டப்படிதான் கேட்போம்.

வக்கீல் பீஸ் பற்றி இன்ஜினியர் சார் கவலைப்பட்டார். பெண்கள், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.

முதல் சீட்டு ஒரு தடைதான், ஆனால் தாண்டிவிடலாம். நிம்ஹான்ஸில் என்ன எழுதினார்கள்? அதைப் பாருங்கள்.

கவிதா_மறுவாழ்வு – 8 ஜனவரி, மதியம் 2.20

அக்கா, நான் நரம்புப் பிரிவில் தொழில்வழிச் சிகிச்சையாளராக இருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். டேப்பைத் தூக்கி எறிந்தார் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் பதில் போட வந்தேன்.

அவர் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல்தான் கோபத்துக்குக் கடிவாளம் போடுகிற இடம். திட்டம் போடுவது, ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வது, "இது போதும், நிறுத்து" என்று தனக்கே சொல்லிக்கொள்வது எல்லாம் அங்கேதான். மூன்றடி நாலு அங்குலம் ரெண்டு நூல் என்பதை நாலு எட்டு நடக்கும்வரை வைத்திருப்பதற்கு அந்த இடம் வேலை செய்ய வேண்டும். கை கால் ஆடினாலும் அது ஆடாமல் இருக்கலாம். அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு நல்லாத்தானே இருக்கார் என்று தோன்றுகிறது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜி.சி.எஸ். என்று ஒரு எண் இருக்கும். கண் திறப்பது, பேசுவது, அசைவது மூன்றையும் வைத்துப் போடும் மதிப்பெண். 15 என்றால் முழு நினைவு, 3-தான் மிகக் குறைவு. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமை என்று பிரிப்பார்கள். உங்கள் சீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆனால் இந்த எண் அன்றைய நிலையைத்தான் சொல்லும். லேசு என்று எழுதப்பட்டவர்களிலும் மாதக்கணக்கில் தலைவலி, மறதி, சத்தம் தாங்காமை என்று அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சி.டி.யில் ஒன்றுமே தெரியாமல், பிறகு எம்.ஆர்.ஐ.யில் நரம்பிழைக் காயம் தெரிவதும் உண்டு. "சி.டி. நார்மல்" என்ற ஒரு வரியை வைத்து யாராவது வாதாடினால் அதை ஏற்காதீர்கள்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது நரம்பு உளவியல் பரிசோதனை. நிம்ஹான்ஸே நம் நாட்டு ஆட்களுக்கென்று ஒரு சோதனைத் தொகுப்பு தயாரித்து 2004-இல் வெளியிட்டது. சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார்கள், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள், படத்தைப் பார்த்து வரையச் சொல்வார்கள். வயதையும் படிப்பையும் வைத்து ஒப்பிடுவார்கள். ஐந்தாவது படித்தவரைப் பட்டதாரியோடு ஒப்பிட மாட்டார்கள். பல மணி நேரம் ஆகும், இரண்டு மூன்று நாளாகப் பிரித்தும் செய்வார்கள். அவருக்குத் தமிழ்தான் சரளம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கன்னடத்தில் தடுமாறியதை ஞாபக மறதி என்று போடக் கூடாது, அதே மாதிரி மறதியை மொழிப் பிரச்சினை என்று தள்ளவும் கூடாது. ஒன்று முக்கியம், உள்ளதை உள்ளபடி செய்யட்டும். வேண்டுமென்றே மோசமாகச் செய்தால் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டால் உண்மையான பாதிப்பையும் நம்ப மாட்டார்கள்.

முதல் ஆறு மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஒன்று இரண்டு வருடம் வரைகூட மெதுவாகத் தொடரும். உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. மதிப்பீட்டுக்கு இது சரியான சமயம்.

அப்புறம், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தினமும் நாலு வரி. "மறதி அதிகம்" என்று எழுதாதீர்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் கூட இருந்தார்கள் என்று எழுதுங்கள். பரிசோதனை அறை அமைதியாக இருக்கும், ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் குக்கர் சத்தத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் என்ன ஆகிறது என்பது டாக்டருக்கு உங்கள் நோட்டில்தான் தெரியும்.

வலிப்பு ஏதாவது வந்ததா? கண் சொருகி நிற்பது, வாய் மெல்லுவது கூட வலிப்பாக இருக்கலாம். வந்திருந்தால் உயரத்தில் ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. வாசனை தெரிகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். தலை அதிரும்போது மூக்குக்கு மேலே இருக்கும் மெல்லிய எலும்பின் ஓட்டைகள் வழியாகப் போகும் நரம்பிழைகள் அறுந்துவிடுவதுண்டு. பல பேர் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் தெரியவரும்.

யஷ்வந்த்பூர்_மூட்டை – 8 ஜனவரி, இரவு 8.45

என் அனுபவத்தையும் சொல்கிறேன். மண்டியில் சுமை இறக்கும் வேலை செய்தேன். 2019-இல், 58 வயதில், வெங்காய மூட்டை சரிந்து தலையில் விழுந்தது. ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி தூக்கப் போய்விட்டேன். ஐந்து வாரம் கழித்து இடது கால் இழுக்க ஆரம்பித்தது, பேச்சு குழறியது. மூளைக்கும் உறைக்கும் நடுவில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருக்கிறது என்று துளை போட்டு எடுத்தார்கள். முதலாளி, "ஐந்து வாரம் நல்லா இருந்தவனுக்கு என் மூட்டை எப்படிக் காரணம்?" என்றார். எனக்கு ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. அன்றைக்கே போய் ஒரு சீட்டுப் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது. தலையில் அடிபட்டால், வலி இல்லை என்றாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டி எங்கே எப்படி அடிபட்டது என்று எழுதி வாங்குங்கள். என் மாதிரி விடாதீர்கள்.

கவிதா_மறுவாழ்வு – 8 ஜனவரி, இரவு 9.02

ஐயா, வயதானவர்களுக்கு இப்படி வாரக்கணக்கில் கழித்து வருவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். உங்கள் தப்பு எதுவும் இல்லை. இப்போது கால் எப்படி இருக்கிறது?

யஷ்வந்த்பூர்_மூட்டை – 8 ஜனவரி, இரவு 9.30

நடக்கிறேன் அம்மா. மூட்டை தூக்குவதில்லை. பேரன் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மீனா_விவேக்நகர் – 10 ஜனவரி, இரவு 11.20

எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பி, தங்கச்சி ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள்.

நிம்ஹான்ஸ் சீட்டில், கட்டட வேலையிடத்தில் உயரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லப்படுகிறது என்று இருக்கிறது. அங்கே என்னைத்தான் கேட்டார்கள், நான் சொன்னது அப்படியே இருக்கிறது. ஜி.சி.எஸ். 10 என்று போட்டிருக்கிறது.

இன்னொன்று. இது எனக்கே இப்போதுதான் உறைத்தது. நாங்கள் இருப்பது ஒற்றை அறை, தரைத்தளம். வாசலில் ஒரு கல் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் படியே இல்லை. முதல் ஆஸ்பத்திரி சீட்டில் நேரம் காலை 11.25 என்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை 11.25-க்கு ஆசாரி எந்த வீட்டுப் படியில் இருப்பார்?

வக்கீல்_அல்சூர் – 11 ஜனவரி, காலை 8.00

அம்மா, இதைவிட நல்ல பதில் நான் எழுதித் தர முடியாது. வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வையுங்கள். வீட்டு உரிமையாளரிடம், தரைத்தளம், படி இல்லை என்று ஒரு கடிதம் வாங்குங்கள். வாசலைப் போட்டோ எடுங்கள். அந்த முதல் ஆஸ்பத்திரியில் முழுப் பதிவின் நகலைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கூட்டி வந்தவர், தகவல் சொன்னவர் பெயர் பதிவில் இருக்கும். தகவல் சொன்னவர் மேஸ்திரி என்று தெரிந்தால், அந்த வரியை யார் சொன்னது என்பதும் தெரிந்துவிடும்.

சைட்_இன்ஜினியர்_பொம்மனஹள்ளி – 11 ஜனவரி, காலை 10.40

மேடம், முதலில் நான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். வருடக்கணக்கில் இழுக்கும் என்றது இப்போதும் என் பயம்தான். ஆனால் தொகையைப் பற்றி நான் சொன்னது தப்பு. பில்டர் வரை பொறுப்பு வரும் என்பது எனக்கே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது.

என்னால் ஆனதைச் சொல்கிறேன். பெரிய சைட் என்றால் கேட்டில் செக்யூரிட்டி நோட்டு இருக்கும், ஆள் உள்ளே போன நேரம் எழுதுவார்கள். காலையில் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிடம் பேசி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கும் பதிவேடும் இருக்கும். நவம்பர் 26 தேதிக்கு இந்த இரண்டையும் கொண்டுவந்து காட்டச் சொல்லி வக்கீல் மூலம் கேளுங்கள். சாரத்துக்கும் சரிபார்த்த சீட்டு தொங்கவிட்டிருக்க வேண்டும், அந்தப் பதிவும் இருக்கும். வேலை முடிந்து சைட் ஒப்படைத்துவிட்டால் இதெல்லாம் எடைக்குப் போய்விடும். சீக்கிரம் கேளுங்கள். கூட வேலை செய்த பையனின் நம்பரையும் விட்டுவிடாதீர்கள், இந்தப் பையன்கள் அடுத்த சைட்டுக்கு ஹைதராபாத் போய்விடுவார்கள்.

தாராவி_சேகர் – 11 ஜனவரி, மாலை 6.10

மும்பையிலிருந்து ஒரு சின்னக் கேள்வி. வேலைக்கு பைக்கில் போகும் வழியில் விழுந்து தலையில் அடிபட்டால் இந்தச் சட்டம் பொருந்துமா? என் மச்சானுக்கு 2023-இல் நடந்தது.

வக்கீல்_அல்சூர் – 11 ஜனவரி, இரவு 9.25

சேகர், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிராவில் சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போன வழியில் இறந்த இரவுக் காவலாளியின் வழக்கு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும், வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் நேரம், இடம், சூழ்நிலை மூன்றிலும் தொடர்பு இருந்தால், இழப்பீடு உண்டு என்றார்கள். இரண்டு வருடக் கெடு தாண்டியிருந்தாலும் தகுந்த காரணம் காட்டினால் ஆணையர் ஏற்கலாம். உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள். தனி இழையாகப் போட்டால் விரிவாகப் பேசலாம்.

பீன்யா_ராமு – 12 ஜனவரி, காலை 7.15

மீனா, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஊரோடு போய்விடலாம் என்ற எண்ணம் இருந்தால், அங்கிருந்தும் வழக்குப் போடலாம். விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, குடியிருக்கும் ஊரிலும் போடலாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகள் விசாரிக்கிறார்கள், இங்கே நீதிபதிகள். எங்கே இருந்து அலைவது உங்களுக்குச் சுலபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி திரும்ப வந்தாரா?

மீனா_விவேக்நகர் – 17 ஜனவரி, இரவு 10.15

அண்ணா, வந்தார். பொங்கல் செலவுக்கு என்று 5,000 நீட்டினார். எதற்கும் கையெழுத்து இல்லை என்றால் வாங்குகிறேன் என்றேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெங்களூரிலேயேதான் போடப்போகிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம், என் வேலை, நிம்ஹான்ஸ் எல்லாம் இங்கே. பரிசோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் இருக்கிறார் என்று சொன்னார்கள்.

பொங்கலுக்குச் செங்கம் போய் வந்தோம். கவிதா, நீங்கள் சொன்னபடி நோட்டு வாங்கி 9-ஆம் தேதியிலிருந்து எழுதுகிறேன். 15-ஆம் தேதி எழுதியதை இங்கே போடுகிறேன்.

"காலை 7 மணி. வாசலில் அடுப்பு மூட்டிப் பானை வைத்தோம். பால் பொங்கி, அரிசி போட்டதும் கிண்டுகிறேன் என்று அவர் உட்கார்ந்தார். நான் உள்ளே மாமியாருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அடிப்பிடித்த வாசனை வீட்டுக்குள் வந்தது. எதிர்வீட்டு அத்தை வெளியே வந்து கூப்பிட்டார்கள். நான் ஓடிப் போனபோது பானைக்குள் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அவர் அதற்குமேல் குனிந்து கிண்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து, வெல்லம் போடலாமா என்று கேட்டார். தெரியவில்லையா என்று கேட்டேன். என்ன தெரியவில்லை என்றார். மூக்குக்கிட்டே கரண்டியைக் கொண்டுபோனேன். ஒன்றும் இல்லையே என்றார். விழுந்ததிலிருந்தே இல்லையா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆமாம், நீ தாளிக்கிறது கூடத் தெரியவில்லை, சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை என்றார். கூட இருந்தவர்கள்: மாமியார், எதிர்வீட்டு அத்தை, பெரியவன்."

பதினாலு மாதமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறார். இப்போது கேஸ் அடுப்பை நான் இல்லாதபோது பற்றவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியவனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கவிதா_மறுவாழ்வு – 17 ஜனவரி, இரவு 10.50

அக்கா, பரிசோதனை நாளில் முதல் வேலையாக இதைச் சொல்லுங்கள். வாசனை போனதையும் பார்த்து எழுதுவார்கள். நெற்றிப் பக்கக் காயத்தோடு அது சேர்ந்து வருவது வழக்கம். கேஸ் அடுப்பு விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. கெட்டுப்போன சாப்பாடும் அவருக்குத் தெரியாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வக்கீல்_அல்சூர் – 18 ஜனவரி, காலை 7.40

மீனா அம்மா, நாளை திங்கட்கிழமை காலை பத்தரைக்கு இரண்டு பேரும் வாருங்கள். முதலில் பில்டருக்கும் மேஸ்திரிக்கும் நோட்டீஸ் அனுப்புவோம், பதிவேடுகளை அழிக்கக் கூடாது என்று அதிலேயே எழுதிவிடலாம். இரண்டு ஆஸ்பத்திரிக் காகிதங்கள், வங்கிக் கணக்கு, ஆதார், வாடகை ஒப்பந்தம், இதுவரை ஆன மருந்து பில் எல்லாம் எடுத்து வாருங்கள். அவசரத்தில் பில் தொலைந்திருந்தால் பரவாயில்லை, இருப்பதைக் கொண்டு வாருங்கள்.

அந்த நோட்டையும் மறக்க வேண்டாம். எழுத்து கோணலாக இருக்கிறது, அடித்தல் திருத்தல் இருக்கிறது என்று வேறு நோட்டில் அழகாக எடுத்து எழுதிவிடாதீர்கள். அன்றன்றைக்கு எழுதியது அப்படியே இருக்கட்டும்.